ஏணி தரையில் கிடந்த காலை

கல்யாண வீட்டில் ரேட் பேச எனக்குக் கூச்சமே கிடையாது. ஆல்பம் எத்தனை பக்கம், வீடியோ தனியா சேர்த்தா, அட்வான்ஸ் எவ்வளவு என்று மாப்பிள்ளையின் தாய்மாமனையே மடக்கிவிடுவேன். ஆனால் கம்பெனி என்று வந்துவிட்டால் என் வாய்க்கு என்ன வந்து தொலையுமோ தெரியாது. "மேடம்" என்று ஒருவர் இரண்டு முறை கூப்பிட்டால் போதும், மென்று முழுங்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்படி முழுங்கியதன் பலனை ஒருமுறை கண்ணால் பார்த்தவள்தான் நான். பலாச்சுளைப் படம் ஒன்றை ஒரு ஜூஸ் கம்பெனி கேட்டது. "உங்க பேரைப் போடுறோம் மேடம்" என்றார்கள். சும்மாவே கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் கடைக்குக் கடை அந்தப் படம் தொங்கியது. கிட்டப் போய் நின்று மூலை மூலையாகத் தேடினேன். பேர் எங்கேயும் இல்லை. பேர் சோறு போடாது என்பது எனக்கும் தெரியும். அந்தப் பேரைக்கூடப் போடவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

அதனால் போன தை மாதம் மிளகு விற்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டபோது இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் வேலைக்கு ஒரு கூலி. படத்தை மிளகுப் பெட்டியில் அச்சடிப்பதற்குத் தனிக் கூலி, அதுவும் வருடக் கணக்கில். இதை போனில் மெசேஜாக அடித்தும் வைத்தேன். மூன்று நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேனே தவிர, அனுப்பவில்லை. அனுப்பினால் வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன. அந்தக் கம்பெனியின் மேனேஜர், சென்னைக்காரர், "முதல்ல ஷூட் முடியட்டும் மேடம், பேமெண்ட் பார்த்துக்கலாம்" என்றார். "சரிங்க" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மிளகு பறிக்கிறவங்க போஸ் கொடுப்பாங்களா, அவங்களுக்கு ஏதாவது தரணுமா?" என்று அவர் கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க, நம்ம ஆளுங்கதான்" என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன். அம்மா நர்சாக மாற்றலாகிக் கொல்லிமலைக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. இன்றுவரை இங்கே எனக்கு நர்சம்மா பொண்ணு என்றுதான் பேர். அந்த உரிமையில் வந்த பேச்சு அது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்; அப்படித் தேவனூர் நாட்டில் ஒரு தோட்டத்தில் படப்பிடிப்பு. எட்டு மணிக்குப் பனி விலகியது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம். அப்புறம் வெயில் ஏறி முகமெல்லாம் நிழல் திட்டுத் திட்டாக விழும். மேனேஜர் காரிலிருந்து மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பெனி பேர் அச்சாகியிருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் காலியாக இருந்தது.

"இந்த இடத்துலதான் உங்க படம் மேடம். எல்லா ஊர்க் கடையிலயும் இருக்கும்" என்றார்.

எனக்குப் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. மெசேஜை இப்போதாவது அனுப்பிவிடலாம் என்று போனை எடுத்தேன். டவர் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மிளகு பறிக்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் என் வயதுதான் இருக்கும். மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் அவர் ஏறுவார், அந்த அக்கா ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்வார். மூங்கில் ஏணி தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கூலி பேசி முடிக்காமல் ஏணியைத் தரையிலிருந்து தூக்க மாட்டார்கள், தோட்டம் யாருடையதாக இருந்தாலும் சரி. மரத்து மேலே நின்றுகொண்டு கூலி பேச முடியாது அல்லவா. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கும் அது பொருந்தும் என்று ஒருநாளும் உறைத்ததில்லை.

"ஏறச் சொல்லுங்க மேடம்" என்றார் மேனேஜர். யாரும் அசையவில்லை.

அந்த அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க, மெளகு பொறிக்கறதுக்குத் தோட்டக்காரரு கூலி பேசீட்டாருங்க. இது படத்துக்கு ஏறறது. இதுக்கு என்னங்க?"

மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "நீங்கதானே மேடம் ஒண்ணும் வேண்டாம்னு சொன்னீங்க" என்றார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

"நீங்க சொன்னீங்களாக்கும்" என்றார் அந்த அக்கா. முகத்தில் கோபமே இல்லை. "ஊரான் ஊட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேங்கற கதையா இருக்குதுங்களே."

புருஷன் சிரித்துவிட்டார். எனக்குக் காது சுட்டது.

"நீங்க கொஞ்சம் பேசுங்க மேடம், நீங்க சொன்னா கேப்பாங்க. வெளிச்சம் போகுது" என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். நானும் வாயைத் திறந்தேன். 'அஞ்சு நிமிஷந்தானுங்க, உங்க படம் ஊரெல்லாம் தெரியும்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜூஸ் கம்பெனி என்னை ஏமாற்றிய அதே ரக வார்த்தை. சீ என்றாகிவிட்டது எனக்கு. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அக்கா இப்போது மேனேஜரையே நேராகக் கேட்டார். "அந்தப் பொட்டியில எங்க ஊட்டுக்காரரு மொகம் வருங்களா?"

"வரும்மா."

"எத்தன நாளைக்கு வரும்?"

மேனேஜர் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாக நான் அனுப்பாமல் திறந்து மூடிக்கொண்டிருந்த கேள்வி அது. அந்த அக்கா உட்கார்ந்த இடத்தில் புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டார்.

கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். பையை ஏணிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"எனக்கும் இன்னும் பேசலீங்க" என்றேன். "இன்னிக்கு வேலைக்குப் பதினஞ்சாயிரம். பெட்டியில போடறதுக்கு இன்னொரு பதினஞ்சு. அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டுந்தான். அவங்க ரேட்டை அவங்க சொல்லுவாங்க."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. "இந்த நேரத்துல இப்படிப் பண்றது நியாயமா மேடம்? உள்ளூர் ஆள், ரேட்டெல்லாம் பெருசா கேக்க மாட்டாங்கன்னுதான் ஆபீஸ்ல உங்களை எடுத்தாங்க."

நான் இவர்களைப் பற்றிச் சொன்னதைத்தான் ஆபீசில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கோபம் அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. அந்த அக்கா தங்கள் கூலியைச் சொன்னார்: ஏறுவதற்கு ஆளுக்கு அரைநாள் கூலி, முகத்துக்குத் தனியாக ஐயாயிரம். மேனேஜர் டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு போனார்.

நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்படியே காரில் ஏறி மலை இறங்கிவிட்டால்? பாதி ரேட்டுக்கு வர நாமக்கல்லில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் தோன்றியது.

"போனாப் போறாருங்க. மெளகு எங்கீங்க போயிரப் போகுது" என்றார் புருஷன்.

"உங்குளுக்கு மெளகு இருக்குது. அவிங்களுக்கு என்ன இருக்குது?" என்று என்னைக் காட்டிச் சொன்னார் அந்த அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேனேஜர் திரும்பி வந்தார். "ஓகே மேடம், எல்லாருக்கும் கேட்டதைத் தர்றோம். அந்த ஒரு வருஷம்ங்கறதை மட்டும் அப்புறமா பேசிக்கலாம்."

அந்த 'அப்புறமா'வைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமாகவே தைரியம் வந்தது. "இப்பவே எழுதிக் குடுங்க" என்றேன். பேப்பர் இல்லை என்றார். மாதிரிப் பெட்டியை எடுத்து வெள்ளைக் கட்டத்தைக் காட்டினேன். அதில் எழுதினார். என் கூலி, அவர்கள் கூலி, ஒரு வருடம், கையெழுத்து. அந்த அக்கா பெட்டியை வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"தேதி போடலீங்களே" என்றார். மேனேஜர் தேதியும் போட்டார். அதற்கப்புறம்தான் ஏணி எழுந்தது.

அன்று எடுத்தது என்னுடைய நல்ல படங்களில் ஒன்று என்று சொல்ல மாட்டேன். வெயில் ஏறிவிட்டது, அவர் முகத்தில் பாதிதான் தெளிவு. ஆனாலும் அதைத்தான் பெட்டியில் போட்டார்கள். பணமும் சொன்னபடி வந்தது.

இந்தத் தை மாதம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். அதே படத்தை இன்னொரு வருடம் போட வேண்டுமாம். என் ரேட்டை ஒரே மூச்சில் சொன்னேன், முழுங்கவில்லை. "சரி மேடம். அவங்ககிட்டயும் நீங்களே பேசி முடிச்சிடுங்களேன்" என்றார்.

"அவங்களுது எனக்குத் தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்" என்று அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். தோட்டத்தில்தான் இருந்தார். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏணி கீழதானுங்க கெடக்குது" என்றார். "அந்த மேனேஜரையே எங்ககிட்டப் பேசச் சொல்லுங்க."