உரப்பையோடு வந்த வேட்பாளர்

பிரதேச சபைத் தேர்தலில் கடற்கரைக் குப்பையைப் பற்றிப் பேசியவர் அவர் ஒருவர்தான். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய சாரம், தோளில் உரப்பை. வோட்டுக் கேட்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து போத்தல் பொறுக்குவார். அவர் தலை தெரிந்ததும் ஆலங்குடாவில் எங்கள் தெருவே குப்பையோடு ஓடிவரும்.

"நானா, நீங்க வெண்டா சபைக் கதிரையில ஏறி இருந்திருவீங்க. பொறகு எங்கட குப்பைய யாரு எடுக்கிற?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு ராத்தா.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், மனிதர். "போடுறவங்களே எடுக்கணும். அதுக்குத்தானே சட்டம் கொண்டுவரப் போறன்" என்றார்.

தோற்றுப்போனார். மறுநாள் காலையும் உரப்பையோடு வந்தார்.

"நீங்க தோத்தது கவலைதான் நானா. ஆனா வந்தீங்களே, அல்ஹம்துலில்லாஹ்" என்று ராத்தா குப்பை கட்டிய சொப்பிங் பேக்கை நீட்டினார். அவர் அதை வாங்கி உரப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்த மனிதருக்கு ஏன் கோபமே வரவில்லை என்று யோசித்துக்கொண்டே, நானும் என் பையை நீட்டினேன்.