கொடுவாவுக்கு ஒழுங்கு கற்பித்தவர்

ஏரியின் பின்கரையில் மூன்று சின்னக் குளங்கள் இருந்தன. அவற்றில் கொடுவா மீன் குஞ்சுகளை வளர்த்து, விரல் நீளம் வந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவது அவருடைய வேலை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த தூண்டில் சங்கம் அதற்குச் சம்பளம் கொடுத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் அவரை 'ஒழுங்கு' என்றே சொன்னார்கள். மூன்று வாக்கியம் பேசினால் இரண்டு அந்தச் சொல்லில் முடியும். மூன்றாவது அதில் தொடங்கும்.

கொடுவாவுக்கும் ஒழுங்குக்கும் ஏழாம் பொருத்தம். கூடப் பிறந்ததைத் தின்ன அதற்கு ஒரே ஒரு தகுதி போதும்: கொஞ்சம் பெரிய வாய். அண்ணன் தம்பியை விழுங்கிவிட்டு, வால் மட்டும் வெளியே தொங்க, ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருக்கும். அதனால் கொடுவா வளர்ப்பவர்கள் அடிக்கடி வலை போட்டுக் குஞ்சுகளை அள்ளி, கம்பி இடுக்கு வைத்த பெட்டியில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். சிறிசு இடுக்கு வழியே நழுவிவிடும், பெரிசு தங்கிவிடும், இரண்டையும் வேறு வேறு குளத்தில் விடுவார்கள். மற்றவர்கள் இதை வேலையாகச் செய்தார்கள். ஒழுங்கு இதை நீதி வழங்குவதாகச் செய்தார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தம்பியைத் தின்பது பிறவிக் குணமல்ல. வேளைக்குச் சாப்பாடு கிடைக்காததால் வந்த கெட்ட பழக்கம். எனவே ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு, வேளை தவறாமல் குளக்கரையில் நின்று, கரண்டிக் காம்பால் 'டக், டக்டக்' என்று தட்டித் தீவன உருண்டைகளைத் தூவினார். சில வாரங்களில் டப்பா சத்தம் கேட்டதும் குளமே அவர் காலடிக்கு வந்தது. உடனே தன் சாதனையின் பெருமையில் அதே டப்பாவை வீட்டிலும் தட்டிப் பார்த்தார். மகள் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. மனைவி மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை தட்டினீங்கன்னா, அந்த மீன் தீவனத்தையே உங்க தட்டுல கொட்டிருவேன்."

குளத்தில் ராஜா, வீட்டில் கூஜா என்று மச்சான்காரன் கேலி செய்வதில் அநியாயம் ஒன்றுமில்லை.

ஒரு குஞ்சு மட்டும் டப்பாவுக்கு மசியவில்லை. மேல் வாலில் சின்ன வெட்டு விழுந்த குஞ்சு அது. உருண்டை விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் ஒவ்வொரு முறை தரம் பிரிக்கும்போதும் வயிறு உப்பி, வாயோரத்தில் ஒரு தம்பியின் வாலோடு அகப்படும். ஒழுங்கு அதை உள்ளங்கையில் வைத்துப் புத்தி சொன்னார். "அளவாச் சாப்பிட்டா உனக்கு என்ன குறைஞ்சா போயிடும்?" அது கையைக் கடித்தது. கடைசியில், பருவம் வரும் முன்பே அந்தத் தறுதலையை வாளியில் தூக்கிப்போய் ஏரியில் வீசினார். ஏரியில் விடுவதற்காகவே வளர்க்கிற மீனை ஏரியில் விட்டுத் தண்டிக்க அவர் ஒருவரால்தான் முடியும்.

ஒழுங்கான குஞ்சுகளும் உரிய காலத்தில் ஏரிக்குப் போயின. போன பிறகு யாரும் அவற்றுக்குத் தீனி போடக்கூடாது. தானாக இரை தேடப் பழகவேண்டும். இது சங்கத்தின் சட்டம். சட்டம் என்றால் ஒழுங்குக்கு உயிர். அதனால் ஒருவருக்கும் தெரியாமல், சாயங்காலம் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஏரியின் நாணல் மூலையில் நின்று டப்பாவைத் தட்டினார். நாலு உருண்டை, சும்மா பார்ப்பதற்குத்தான். சும்மா பார்த்தே இரண்டு வருஷம் ஓடியது. நாலு உருண்டை நாலு வாளியானது. மீன்களும் முழங்கை நீளத்துக்குத் தேறின.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுவதும் எதிர்த்துப் பேச முடியாத வாய்களுக்குள் கை விட்டவர். ஞாயிற்றுக்கிழமையாவது எதிர்க்கிற வாய் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கித்தான் தூண்டில் பிடித்தார். இரண்டு வருஷமாக அவருக்கும் கிடைக்கவில்லை, சங்கத்தில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. கொடுவாவெல்லாம் நாணல் மூலையில் சாயங்காலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க, தூண்டில்காரர்கள் நடு ஏரியில் தண்ணீரைச் சல்லடையாகத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, ஒழுங்கின் மனைவிக்குத் தம்பிதான். ஒருநாள் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குளக்கரைக்கு வந்தான்.

"அத்தான், வர்ற போட்டியிலயும் மீன் சிக்கலன்னா கதை முடிஞ்சுது. குளத்துல மண்ணைக் கொட்டிக் கார் நிறுத்தப் போறாங்க. டாக்டர் சொல்லிட்டார்."

"மீன் இருக்கு மாப்ளே."

"எங்க இருக்கு?"

"ஏரியில."

"ஏரி பெரிசு அத்தான்."

"ஒழுங்கா வளர்ந்த மீன் கண்ட இடத்துல கண்டதைத் தின்னாது."

"அப்ப என்ன பண்ணணும்? கரையில நின்னு, சாப்பிட வாங்கன்னு கூப்பிடணுமா?"

ஆமாம் என்பதுதான் சரியான பதில். ஒழுங்கு வலையை எடுத்து உதறத் தொடங்கினார். சொன்னால் சட்டத்தை மீறியது தெரியும். சொல்லாவிட்டால் குளம் போகும். குளம் போனால், சொன்ன பேச்சைக் கேட்க உலகத்தில் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

போட்டியன்று காலையிலிருந்தே ஏரி அமர்க்களப்பட்டது. மினுங்கும் தகடு, ரப்பர் புழு, சுழலும் பொம்மை மீன் என்று விதவிதமாக வீசினார்கள். கொடுவாக்களுக்கு அதில் எதுவும் சாப்பாடாகத் தெரியவில்லை. சாப்பாடென்றால் முதலில் சத்தம் வரும் என்பது அவற்றின் படிப்பு. மதியத்துக்குள் டாக்டர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டார். மண் லாரி எந்தப் பக்கமாக உள்ளே வரலாம் என்று மச்சானிடம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி புருஷனையும் லாரி வழியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டப்பாவை இடுப்புல செருகிக்கிட்டு யாராவது வாக்கிங் போவாங்களா? தட்டுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து நாள் பூரா வீட்டுல உக்காந்து எங்களுக்கு ஒழுங்கு சொல்லுவீங்க. எனக்கு உடம்பு தாங்காது."

தட்டினால் குட்டு உடையும். மீன்களைக் காட்டிக்கொடுத்த பாவமும் வரும். தட்டாவிட்டால் குளம் போகும். இந்த இரண்டையும் அவர் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார் என்று சொன்னால் அது பொய். தன் மீன் தன் பேச்சைக் கேட்கிற அழகை இத்தனை பெரிய கூட்டம் இதுவரை பார்த்ததில்லை. அந்த நினைப்பு வந்ததுமே கை டப்பாவுக்குப் போய்விட்டது.

டக், டக்டக்.

நாணல் மூலை கொதித்தது. முழங்கை நீளக் கொடுவாக்கள் வாயைப் பிளந்துகொண்டு கரையோரம் வந்து நின்றன.  கூட்டம் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. வீசக்கூடத் தேவையில்லை, முள்ளை வாய்க்குள் வைத்தால் போதும். மாட்டிய மீனும் திமிறவில்லை. கூப்பிட்டவர் கரையில் நிற்கிறார், ஏதாவது காரணம் இருக்கும் என்பதுபோல் இழுத்த இழுப்புக்கு வந்தது. ஒழுங்கு தட்டுவதை நிறுத்தினார். மீன்கள் வருவதை நிறுத்தவில்லை. "போங்க, போங்க" என்று முனகினார். போகச் சொல்லி அவர் பழக்கியதே இல்லை.

"இது என்ன போட்டியா, பந்தியா?" என்று டாக்டர் எரிச்சலோடு தன் மீனை இழுத்தார். அப்போது அடியிலிருந்து வேறொன்று எழுந்தது. டப்பா சத்தத்துக்கு வந்ததல்ல அது. டப்பா சத்தத்துக்கு வந்தவற்றைத் தின்ன வந்தது. முள்ளில் கிடந்த மீனை அப்படியே கவ்வி, டாக்டரை முழங்கால் தண்ணீர்வரை இழுத்து, தடியை முறித்து, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. மேல் வாலில் ஒரு வெட்டு.

டாக்டர் நனைந்த கால்சட்டையோடு, முறிந்த தடியோடு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"அது… அது யாரு வளர்த்தது?"

"நம்ம குளம்தான் சார்," என்றது ஒழுங்கின் நாக்கு, அவரைக் கேட்காமலேயே.

"அப்ப குளம் இருக்கட்டும். ஆனா இனிமே எல்லாத்தையும் அது மாதிரியே வளருங்க."

"சார், அதை நான் வளர்க்கவே இல்ல."

"அதைத்தான் சொல்றேன். அதே மாதிரி வளர்க்காம இருங்க."

டப்பா சங்கத்தின் அலமாரிக்குப் போனது. சட்டத்தை மீறியதற்குத் தண்டனை அவ்வளவுதான். அன்று மீன் பிடித்தவர்கள், தாங்கள் எப்படிப் போராடி அதைக் கரைசேர்த்தார்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குளங்களில் இப்போது உருண்டைத் தீவனம் கிடையாது; உயிருள்ள பொடிமீன்தான். தரம் பிரிப்பதும் கிடையாது. ஒழுங்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் நிற்கிறார். அண்ணன்கள் தம்பிகளைத் தின்கிறார்கள். அவருக்குச் சம்பளம் வருகிறது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நாங்க தானாத்தான் வளர்ந்துட்டிருக்கோம். கெட்டா போயிட்டோம்?" என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஏரிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டக்டக், டக். டாக்டருக்கு வேண்டிய பெரிய மனிதர்கள் யாரோ தூண்டில் பிடிக்க வந்திருந்தார்கள்; வெறுங்கையோடு திரும்பினால் சங்கத்துக்கு மரியாதையா? அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து மச்சான் தட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஒழுங்குக்குத் தான் எழுந்து நிற்பது தெரிந்தது. கையில் பிசைந்த சோறு இருந்தது. மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தட்டுறதுல ஒரு ஒழுங்கே இல்ல," என்றார்.

"அந்தத் தட்டலுக்கே எழுந்துட்டீங்க. உக்காந்து சாப்பிடுங்க."