லூர்தம்மா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: புந்தோங் லூர்தம்மா இறந்துவிட்டார். அதன் கீழே நற்செய்திக் குழுத் தலைவர், ‘நம் பங்கின் தூண் சாய்ந்தது’ என்று எழுதியிருந்தார். அழுகைக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தூணை இடித்தவரே அவர். கூட நின்றவன் நான்.

அக்காவை அறிந்த உங்களுக்குச் சுங்காய் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து அந்தோணியார் கோயிலும் தெரிந்திருக்கும். அங்கே பால்மரம் சீவியவர் அவர். தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை வந்து, ஆட்கள் நகரத்துப் புந்தோங்குக்கும் ஜெலாப்பாங்குக்கும் வந்துவிட்ட பிறகும், திருவிழாவுக்கு வேன் பிடித்து எல்லாரையும் அழைத்துப்போவார். பெரும்பாலும் ஞானஸ்நானம் வாங்கியதோடு சரி, பூசையை மறந்த குடும்பங்கள். அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் உப்பும் மிளகும் கொட்டுவார்கள்; பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுவார்கள். முடித்ததும் அக்கா வழிமறிப்பார்: “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க லா, ஃபாதர் சும்மாதான் உக்காந்திருக்காரு. ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போங்க.” பல வருஷமாகக் கோயில் வாசலை மிதிக்காத ஆண்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்க முழந்தாளிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்த எங்கள் நற்செய்திக் குழுவால் ஒருவரைக்கூட அப்படி அழைத்துவர முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தலைவர் அக்காவைக் கூட்டத்துக்கு வரவழைத்தார். “உப்பு, மிளகு, தொட்டில் எல்லாம் மூடநம்பிக்கை. நிறுத்திவிட்டேன் என்று பூசையில் எழுந்து சொல்லுங்கள்” என்றார்.

“சாமிகிட்ட அழுறதுக்கு உங்ககிட்ட பெர்மிட் எடுக்கணுமா?” என்று கேட்டுவிட்டு அக்கா போய்விட்டார்.

குழுவின் செயலாளர் நான். தலைவர் சொன்னபடி, ‘லூர்தம்மா ஒத்துக்கொண்டார்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். அக்காவே ஒத்துக்கொண்டார், இனி அங்கே திருவிழா வேண்டாம் என்று அதைக் காட்டித்தான் தோட்டத்துக் கோயிலைப் பூட்டினார்கள். வேனில் வந்த குடும்பங்கள் அதன்பின் எந்தக் கோயிலுக்கும் வரவில்லை.

விஷயம் தெரிந்து அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?”

“தலைவர்தான் எழுதச் சொன்னாரு அக்கா.”

“கை உன்னோடதுதானே லா?”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அடக்கத் திருப்பலியில் தலைவர் மைக்கைப் பிடித்து, அக்கா கடைசியில் திருச்சபைக்குக் கீழ்ப்படிந்தார் என்று புகழ்ந்தார். நான் எழுந்துவிட்டேன். “பொய். அக்கா ஒத்துக்கவே இல்ல. அந்தப் பொய்ய எழுதினவன் நான்தான்.” யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கேட்க வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

மன்னித்தேன் என்று அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் திருப்பிய முகம்தான். அக்கா மன்னித்திருப்பார் என்று அவர் பெயரைச் சொல்லி யாரும் எனக்கு ஆறுதல் கூற வேண்டாம்.