பட்டையில் விழுந்த இரண்டாவது கோடு

முதன்முதலில் நான் வாங்கியது அந்த அக்காவின் உமிழ்நீரைத்தான். குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். சாமியார் பூசையிலேயே அறிவித்திருந்தும் ஒருவரும் கிட்டே வரவில்லை. ஊர் பார்க்க ஒரு சோதனைக் குழாயில் துப்பிக் கொடு என்றால் யாருக்குத்தான் கூச்சமிருக்காது? அப்போது மீன் விற்கிற அந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கொண்டா பிள்ளே, நான் துப்புகேன். எச்சில்தானே, என்ன கொறஞ்சா போவும்?"

வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு, கொப்பளித்து, நான் சொன்ன அளவுக்குக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை தானாக வந்தது.

"எனக்க ரிசல்ட்டு எப்பம் வரும், டாக்டர்பிள்ளே?"

"நான் டாக்டர் இல்லக்கா. படிச்சிட்டுதான் இருக்கேன்."

"நீ படிச்சு முடிக்கதுக்கு முன்ன வந்திருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "ரெண்டு மாசத்துல வந்திரும்க்கா" என்றேன்.

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. என் வழிகாட்டியிடம் முன்பு படித்த ஒருவர், நண்பரோடு சேர்ந்து சென்னையில் இரண்டே அறைகளில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார். வாய்ப்புற்றை எச்சிலிலிருந்தே காட்டிக்கொடுக்கும் ஒரு பட்டையை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். கர்ப்பம் பார்க்கிற பட்டையைப் போலத்தான் அதுவும். ஒரு கோடு விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு விழுந்தால் சந்தேகம். அவர்களிடம் பட்டை இருந்தது. சோதித்துப் பார்க்க ஆட்களும் இல்லை, பெரிய இயந்திரங்களும் இல்லை. பல்கலைக்கழகத்தில் இருந்த எங்களிடம் இரண்டும் இருந்தன. ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நான் படிக்கவில்லை. என்னைப் படிக்கச் சொன்னவர்களும் இல்லை.

ஒப்புதல் படிவத்தை மட்டும் ஒவ்வொருவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தனித்தனியாக முடிவு தெரிவிக்கப்படமாட்டாது என்ற வரி அதன் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் வருவதற்குள் கேட்பவர்களின் கவனம் போய்விடும். படிக்கிற என் கவனமும் போயிருந்தது.

குழாய்களில் பெயர் கிடையாது, எண்தான். எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் என் வழிகாட்டி சாரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ஆனால் முதல் எண் யாருடையது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பட்டியல் தேவையில்லை. அந்தக் குழாயின் பட்டையில் இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்தது. மூன்று முறை சோதித்தேன். எங்கள் இயந்திரமும் அதையே சொன்னது.

சாரிடம் போனேன். "இதை அவங்ககிட்ட சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்லுவ? இந்தப் பட்டை சரியா வேலை செய்யுதான்னு பாக்கத்தானே அவங்ககிட்ட வாங்கினோம்? ரெண்டு கோடு விழுந்த எல்லார் வீட்டுலயும் போய் புற்றுநோயா இருக்கலாம்னு சொல்லிட்டு, நாளைக்கு பட்டை தப்புன்னு வந்தா?"

அவர் கேட்டது நியாயம்தான். இன்றைக்கும் அதில் என்னால் குற்றம் காண முடியவில்லை. என் கண்முன்பே நிறுவனத்துக்காரரைப் போனில் அழைத்தார். அவர் பதறினார்.

"சொல்லணும் சார். ஆனா காப்புரிமை பதிவாகிறவரைக்கும் எந்த முடிவும் வெளிய போகக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. எங்க முதலீட்டாளர் கேட்டுச் சேர்த்தது. உங்க பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒரு கடிதம் தந்தா, அதை வச்சு நான் அவர்கிட்ட பேசிடுவேன்."

அன்றே குழுவுக்குக் கடிதம் எழுதினோம். குழு சில மாதங்களுக்கு ஒருமுறைதான் கூடும். நிறுவனத்தின் வக்கீல் அந்தக் கடிதத்தில் இரண்டு சொற்களை மாற்றித் திருப்பி அனுப்பினார். மாற்றியதால் எல்லாவற்றையும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். புதிதாக விண்ணப்பித்தோம்.

அந்த நாட்களில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போகப் பார்ப்பதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"ஏ பிள்ளே! எனக்க ரிசல்ட்டு வந்தா?"

"இன்னும் வரல்லக்கா."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு வாய் முழுதாகத் திறக்கவில்லை. ஒரு பக்கமாகவே பேசினார்.

"வாயில என்னக்கா?"

"ஒரு புண்ணு. எரிப்பு, காரம் ஒண்ணும் கூட்டித் தின்ன முடியல்ல. அது கெடக்கட்டு."

"நெய்யூர் ஆசுபத்திரியில போய் ஒண்ணு காட்டுங்கக்கா."

"எனக்க மோளும் அதத்தான் சொல்லுகா. நான்தான் சொன்னேன், டெஸ்டுக்குக் குடுத்திருக்கேம்லா, கெட்டதா இருந்தா அந்தப் பிள்ளை அண்ணைக்கே ஓடிவந்து சொல்லியிருக்கும்னு."

பஸ் வந்துவிட்டது. மீன் சருவப் பாத்திரத்தை ஏற்ற ஒரு கை கொடுத்தேன். "ரிசல்ட்டைப் பாத்திட்டு இருக்காதீங்கக்கா, போய்க் காட்டுங்க" என்று சன்னல் வழியாக மறுபடி சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். என் மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு அவர் புண்ணோடு மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். "இந்த வாரம் குழுவோட கடிதம் வந்திரும்" என்றார். வரவில்லை. அதற்குப் பிறகும் நான் மூன்று வாரம் சும்மா இருந்தேன். என் ஆய்வேடு அந்தப் பட்டையை நம்பி இருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் நிறுவனம் விலகும், நான்கு வருட உழைப்பு போகும் என்று பயந்தேன். சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

கடைசியில் யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனேன். கதவைத் திறந்தது மகள். நர்சிங் படிக்கிறவள். அம்மாவைத் திருவனந்தபுரத்தில் சேர்த்திருக்கிறது, தாடையில் பாதியை எடுக்க வேண்டும் என்கிறார்கள், மாற்றுத் துணி எடுக்க வந்தேன் என்றாள்.

"அம்மைக்குச் சோதிச்சது நீங்கதானா? அதுல என்ன வந்தது?"

"ரெண்டு கோடு வந்தது. புற்றா இருக்கலாம்னு அர்த்தம்."

"எப்பம் தெரியும்?"

மாதத்தைச் சொன்னேன். அவள் விரல் மடக்கி எண்ணினாள். அழவில்லை, திட்டவுமில்லை.

"அம்மை ஒங்களத்தான் எதிர்பாத்திட்டு இருந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு துணிகளை எடுக்க உள்ளே போனாள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் சாரும் நானும் போய்ப் பார்த்தோம். முகத்தில் பாதி கட்டு. பேச முடியாது. என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, கட்டிலோரம் கிடந்த முக்காலியைக் காட்டினார், உட்காரச் சொல்லி. நான் உட்கார்ந்தேன். சார் வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டார்.

முடிவுகளைத் தெரிவிக்கலாம் என்ற கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. சார் அலமாரியைத் திறந்து பட்டியலை எடுத்தார். ஒரு பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு, இரண்டு கோடு விழுந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும், "சொல்ல தாமதமாயிட்டு. தப்பு எங்க மேலதான்" என்று அவரே சொன்னார். பலருக்கு ஒன்றுமே இல்லை. பட்டை வீணாகப் பயமுறுத்தியிருந்தது. ஒரு வீட்டில் பெரியவர் எங்களைத் திட்டி வெளியே அனுப்பினார். விசைப்படகில் போகிற ஒருவருக்கு மட்டும் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு, ஆரம்ப நிலை. வெட்டி எடுத்தார்கள். அவர் இப்போதும் கடலுக்குப் போகிறார்.

அடுத்த மழைக்காலம் முடியுமுன் அக்கா இறந்துபோனார். நிறுவனம் அதற்குள் மூடப்பட்டிருந்தது. முதலீட்டாளர் சர்க்கரை நோய்க் கருவி ஒன்றின் பக்கம் போய்விட்டார். தொடங்கியவர் போனில் என்னிடம் அழுதார். எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் அட்டவணையில் முதல் வரி அக்காவுடைய எண்தான். பட்டை சரியாகச் சொன்னவற்றில் ஒன்றாக அது கணக்கில் இருக்கிறது.

அடக்கம் முடிந்து சில மாதம் கழித்து மகள் எங்கள் துறைக்கு வந்தாள். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அந்த உடுப்பிலேயே வந்திருந்தாள்.

"அம்மைக்க ரிசல்ட்டை எழுதித் தாருங்க" என்றாள்.

அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை. சார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அக்காவின் முழுப்பெயர், எண், முடிவு, சோதித்த தேதி எல்லாவற்றையும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடமும் நீட்டினார். நானும் போட்டேன். அவள் நின்றபடியே படித்தாள். தேதியைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"ஒரு காப்பி எடுத்து நீங்களும் வச்சிருங்க" என்று தாளை நீட்டினாள். எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.