கொலைகாரனுக்கு இருமல்

கதாநாயகியை வைக்கோல்படப்புக்குப் பின்னால் ஒளித்துவைத்து, அரிவாளோடு ஒருத்தனைத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டு, "போதும்டி, தண்ணி குடிப்போம்" என்று எழுந்துவிட்டாள் பாண்டிச்செல்வி. கூட இருந்த மூன்று பெண்களும் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பதை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்பது சட்டம். வெடித்தால் சேதம் குறையுமாம். கதை வெடித்தால் என்ன செய்வதென்று சட்டத்தில் இல்லை. மூன்று பேர் கேட்டது தண்ணீர்த் தொட்டியடியில் ஊர்ப் பேச்சாகி, கம்பெனி பஸ் எங்கள் எம். புதுப்பட்டிக்குத் திரும்புமுன் சிவகாசி தாண்டிவிடும். நாரணாபுரத்துப் பெண் ஒருத்தி, முடிவு தெரியாமல் பிரசவத்துக்குப் போக மாட்டேன் என்று வலியையே நிறுத்திவைத்தாள். பிறந்த குழந்தை அழவில்லை, "பெறகு?" என்று கேட்டது. நம்பாதவர்கள் குழந்தையிடமே விசாரித்துக்கொள்ளலாம்.

கதை ஒன்றும் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர் மேலத்தெருப் பெண் ஒருத்தி கீழத்தெருப் பையனோடு ஓடிப்போகக் கிளம்ப, அவள் அண்ணன் இரண்டு பேரையும் கிணற்றடியில் வெட்டிப் போட்டான். பிறகு மழை பொய்த்தது, மாடு செத்தது. மிரண்டுபோன அண்ணன் வீட்டார் இரண்டு கல்லை நட்டு, சோடிச்சாமி என்று விழுந்து கும்பிட்டார்கள். இன்றைக்கும் கோயில் கொடையில் முதல் பொங்கல் அந்த வீட்டுப் பானையில்தான். எங்கள் பக்கம் காதலர்களுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. கொஞ்சம் செத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெட்டியவன் பேரை மட்டும் யாரும் சொல்வதில்லை. கொடையில் கதை சொல்கிறவர், "ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் திருநீறு பூசிக்கொள்வார்.

அந்த ஒருத்தன்தான் பாண்டிச்செல்விக்குச் சௌகரியம். சாமிகதை என்பதால் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாமல்தான் சொல்வாள். கதாநாயகன் கதாநாயகியின் விரலைக்கூடத் தொடமாட்டான். "தொட்டா சாமி குத்தம்டி" என்பாள். தொடாமலே சீப்பு ஒன்றை அவன் கொடுத்த காட்சியை ஒரு வாரம் ஓட்டினாள். அந்த வாரம் பூச்சட்டிகளில் பாதிக்கு மருந்து சரியாக இறங்கவில்லை என்று கேள்வி. பக்தி, காதல் இரண்டும் இப்படி. அந்த ஒருத்தனின் முகம் மட்டும் கதையில் நாளுக்கொரு தினுசு. ஃபோர்மேன் சங்கரபாண்டியன் அவளை நாலு பேர் முன்னால் வைததற்கு மறுநாள், ஒருத்தன் இடதுகாலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். பஸ்ஸில் எல்லார் கண்ணும் ஃபோர்மேனின் இடதுகாலுக்குப் போனது. மனிதர் அறை வாசலில் வந்து நின்றார்.

"மயினி, நாளைக்கு நான் என்ன பண்ணப் போறேன்னு இப்பவே சொல்லிருங்க. வீட்டுக்காரி சோறு போட மாட்டேங்கா."

"அது நீக வேலை வாங்குற விதத்துல இருக்கு."

அடுத்த நாள் ஒருத்தனுக்குக் கால் நேரானது. எப்படி என்று கேட்டதற்கு, "சாமிக்கு எல்லாம் ஆகும்" என்றாள்.

போன ஆவணியில் ஒருத்தன் இருமத் தொடங்கினான்.

இருமல் மேலத்தெரு கோட்டைச்சாமியுடையது. வெட்டிய அண்ணனின் பேரன் அவர். பாண்டிச்செல்வியின் மகள் சினேகா கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கேயே லோடு ஏற்றி அனுப்பும் அன்பரசன், கோட்டைச்சாமியின் பேரன். கீழத்தெருப் பெண்ணும் மேலத்தெருப் பையனும் கட்டிக்கொள்வதென்று முடிவுசெய்துவிட்டார்கள். நூறு வருஷத்தில் ஊர் எவ்வளவு முன்னேறியிருக்கிறது பாருங்கள், பெண்ணும் பையனும் தெரு மாறிப் பிறந்திருக்கிறார்கள். விஷயம் காதுக்கு எட்டியதும் கோட்டைச்சாமி டீக்கடையில், "எங்க வீட்டுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு, மறந்துறாதீக" என்றார். இருமிக்கொண்டேதான் சொன்னார்.

கொடைக்கு முன்னால் ஒருநாள் கீழத்தெருவில் பாண்டிச்செல்வி வீட்டுக்கு அவரே வந்தார். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வீட்டில் கீரை இல்லை, வேப்பிலையைத்தான் ஆய்ந்தேன்.

"ஏத்தா, எங்க பாட்டன் வெட்டுனது வாஸ்தவம். அவனுக்கு எதுக்கு என் இருமலு?"

"கொலகாரனுக்குத் தொண்டை கட்டக் கூடாதா சம்மந்தி?"

சம்மந்தி என்றதும் அவருக்கு மறுபடி இருமல்.

"நான் வந்தா பொம்பளையாளுக பிள்ளைகளை இழுத்துக்கிட்டு உள்ள போறாளுக. கதைய முடிச்சிரு."

"நானா மாட்டேங்கேன்? அருவா அவன் கையில இருக்கு. ஓங்குறானா, கீழ போடுறானான்னு தெரியாம எப்பிடி முடிக்க?"

"கூறுகெட்டதனமா பேசாத. வெட்டுனாத்தான சாமி?"

"ஊருக்கு ஒரு சோடிச்சாமி போதும். எம்மகளுக்கு ஒருத்தரும் பொங்க வைக்க வேணாம். அவளே பொங்கித் திங்கட்டும்."

மூன்று பெண்களையும் ஒரு பஸ்ஸையும் ஆட்டிவைக்கிற அந்தக் குரல், கடைசி வார்த்தையில் உடைந்தது. கோட்டைச்சாமி இருமாமல் திரும்பிப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சோடிச்சாமி முன்னால் தட்டு மாற்ற வந்தார். வெற்றிலைத் தட்டு அன்பரசன் கையில். கிழவர் கையில் துண்டில் சுற்றிய நீளமான ஒன்று. அந்த வீட்டு உத்திரத்தில் மூன்று தலைமுறையாகச் செருகியிருந்த, பாட்டன் வெட்டிய அதே அரிவாள். இரண்டு கல்லுக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு, "கீழ போட்டாச்சு. போதுமா?" என்றார். மேலத்தெரு அவரைப் பார்த்தது. கீழத்தெரு பாண்டிச்செல்வியைப் பார்த்தது. ஃபோர்மேன் இரண்டையும் பார்த்தார்.

பாண்டிச்செல்வி குனிந்து, பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் ஏறிய கட்டைவிரலால் விளிம்பை மெல்லத் தடவினாள். நூறு வருஷத்து அரிவாளில் ஒரு பொட்டுத் துரு இல்லை. துண்டோடு சுருட்டி, தன் சாப்பாட்டுப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகுதான் தட்டுக்கு இரண்டு கையையும் நீட்டினாள்.