அம்மாவின் தலைவலிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டு

அம்மா இன்று தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. ஒற்றைத் தலைவலி. ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு இருட்டில் படுத்திருந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா பாட்டுப் போட்டார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கூரைத் தகரம் வரை அதிர்ந்தது.

"கொஞ்சம் கொறைக்கச் சொல்லு புள்ள" என்றார் அம்மா.

கூச்சக்காரியான எனக்கு ஒருவரிடம் போய்ப் பேசுவதே பெரிய விஷயம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"அக்கா, அம்மாவுக்குத் தலைவலி..."

"தெரியும்டி! அதுக்குத்தானே போட்டிருக்கேன். பாட்டு கேட்டா மூளையில மருந்து மாதிரி ஒண்ணு சுரக்குமாம், வலி போயிருமாம். போன்ல ஒரு வீடியோல டொக்டர் சொன்னாரு. ஸ்பீக்கர் பாக்ஸ உங்க சுவத்துப் பக்கமே திருப்பி வெச்சிருக்கேன் பாரு. அங்க நல்லா கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"இரு, இன்னும் கொஞ்சம் கூட்டுறேன்."

"தேங்ஸ் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா தலையணையால் காதை மூடிக்கொண்டு கேட்டார். "நீ போய் என்னத்தடி சொன்ன?"

சத்தமில்லாமல் இருப்பதும் மூளைக்கு நல்லது என்று எந்த டொக்டராவது பேசிய வீடியோ இருந்தால் உடனே அனுப்புங்கள். அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன். நேரில் போனால் மறுபடியும் தேங்ஸ் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.