ஏழு வரிச் செய்தி

ஆராவமுதனைப் பற்றித் திருவள்ளூரில் யாரைக் கேட்டாலும், "விளம்பரமே பிடிக்காத மனுஷன்" என்பார்கள். தை அமாவாசைக்குக் குளக்கரையில் கூட்டம் நெரியும்போது வாளியும் குவளையுமாக நிற்பான். நிருபர் யாராவது வந்து பெயர் கேட்டால் நைசாக நழுவிவிடுவான். இந்த வருஷம், 1978லும் அப்படித்தான். அதைப் பார்த்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வருகிறது. அவனைப் போல் பத்திரிகைப் பைத்தியம் பிடித்த ஒருத்தனை நான் பார்த்ததே இல்லை.

அவன் அப்பா ராமஸ்வாமி, கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்தவர். இவன் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆரம்பித்த சேவா சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். அமாவாசைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சேர்த்தோம். ஒவ்வொரு தடவையும் முத்து முத்தான கையெழுத்தில் செய்தி எழுதி அனுப்புவான். ஆறு வருஷத்தில் ஒரு வரிகூட வரவில்லை. வாசகசாலையில் பேப்பரை முதலில் பிரிக்கிறவன் அவன்தான், முகம் தொங்கிப்போய் வெளியே வருகிறவனும் அவன்தான்.

1966ல் புயல் அடித்துப் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்கள் தவித்தபோது, சோறு கொண்டுபோவதென்று சங்கம் முடிவு செய்தது. முந்நூறு பொட்டலம் புளியோதரை, நான்கு மூட்டை அரிசி. லீவு கிடைத்தது எனக்கும் அவனுக்கும்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள் சுப்பராயனிடம் ஓடினான். பேப்பர் ஏஜென்டான சுப்பராயன்தான் ஊருக்கு நிருபரும்.

"போய்ட்டு வந்து எழுதினா பழசாயிடும் சாமி. பழைய நியூஸை எவன் போடுவான்?" என்றார் சுப்பராயன். "இப்பவே குடுத்தா நாளைக்கி மத்தியானம் பாசஞ்சர்ல கவரை அனுப்பிடறேன். மறுநாள் காலைல வந்துடும். மீட்டிங், ஆண்டு விழா அல்லாத்துக்கும் அப்டித்தான் முன்னாடியே எழுதிக்கினு வந்து குடுக்கறாங்கோ."

ஆராவமுதன் அங்கேயே உட்கார்ந்து எழுதினான். சங்கத்தினர் படகில் சென்று முந்நூறு பேருக்கு உணவும் அரிசியும் வழங்கி ஆறுதல் கூறினர் என்று எழுதினான். அடியில் செயலாளர் பெயர்.

மறுநாள் எங்கள் படகு மணல் திட்டில் மோதிச் சாய்ந்தது. பொட்டலமும் மூட்டையும் தண்ணீரோடு போயின. எனக்கும் அவனுக்கும் நீச்சல் தெரியாது. குப்பத்து நாகமுத்துவும் இன்னும் நாலு பேரும் கழுத்தளவு தண்ணீரில் வந்து எங்களைத் தோளில் தூக்கிப் போனார்கள். ஆறுதல் சொல்லப் போனவர்கள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நாகமுத்துவின் மனைவி கோவிந்தம்மா கட்டிக்கொள்ள உலர்ந்த வேட்டி கொடுத்தாள். பிறகு கஞ்சிப் பானையையும் கருவாட்டுக் குழம்பையும் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"வேற ஒண்ணும் இல்ல சாமி. நீங்கோ இத துன்ன மாட்டீங்களே."

ஆராவமுதன் கையை நீட்டி வாங்கினான். குடித்தான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தான். நானும் குடித்தேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்று அடங்கி மறுநாள் மாலை ஊர் வந்து சேர்ந்தோம். வாசகசாலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். "சாதிச்சுட்டேடா!" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஏழு வரி வந்திருந்தது. வாழ்நாளில் மகனைப் பாராட்டியறியாத ராமஸ்வாமி அதைக் கத்தரித்துச் சங்கத்துப் பலகையில் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். ஆராவமுதன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். சோறு தண்ணீரில் போனது என்று சொன்னால், இரண்டு நாள் எங்கே எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், அப்பாவை மடைப்பள்ளிக்குள் விடுவார்களோ மாட்டார்களோ. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து கோவிந்தம்மாவும் நாகமுத்துவும் சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே ராமஸ்வாமி, இன்னும் நாலு பெரியவர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. உடைத்துச் சொல்லிவிடுவாளோ?

அவள் உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தி வேறு விஷயம் சொன்னாள். "நெவாரண அரிசி லிஸ்ட்டுல எங்க குப்பத்த அடிச்சிட்டாங்கோ சாமி. ஒங்களுக்குத்தான் முந்நூறு பேருக்குக் குடுத்தாச்சே, பேப்பர்ல போட்டுக்குதேன்றாரு ஆபீசரு. நீங்க வந்து, குடுக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

ஆராவமுதன் உள்ளே இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். நல்லவேளை, மறுநாள் போகத்தான் செய்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் காத்திருந்த நாகமுத்து என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கி ஒங்களுக்கு ஆக்குனதோட ஊட்டு அரிசி தீந்துட்ச்சி சாமி. அப்பாலருந்து மீன வேக வச்சித் துன்னுக்கினு கீறோம்." அவன் குறை சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னது போலத்தான் சொன்னான். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆபீசர் ஆராவமுதனின் கடிதத்தைப் படித்தார். படகு கவிழ்ந்தது, எதுவும் வழங்கவில்லை என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ ரெண்டு நாள் அங்கே என்ன சாப்பிட்டீங்க?"

கோவிந்தம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். குமாஸ்தாக்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் எங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு வந்து போகிற தெரிந்த முகங்கள்.

"பட்டினி" என்றான் ஆராவமுதன்.

ஆபீசர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்களுக்காக வந்தவங்களுக்கு ஒரு வாய் கஞ்சிகூட ஊத்தலையா? நல்லா இருக்கே உங்க நியாயம்! இப்போ மட்டும் அரிசி கேட்டு வந்துட்டீங்க."

அவள் ஆராவமுதனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா சாமி. ஊத்தல. எங்க கைல ஒண்ணும் இல்ல."

குப்பத்தின் பெயர் மறுபடி லிஸ்ட்டில் ஏறியது. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆராவமுதன் ஆபீஸ் சுவரோரம் உட்கார்ந்து அழுதான். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். எழுந்திருக்கவில்லை. நானாவது போயிருக்கலாம். நானும் போகவில்லை.

ஊருக்கு வந்ததும் பலகையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தான். ராமஸ்வாமி காலமான பிறகுகூட, நடந்ததை எழுதித் தருகிறேன் என்று சுப்பராயனிடம் அவன் போகவில்லை. தன் பெயரை மட்டும் யாருக்கும் தருவதில்லை.

அதைத்தான் ஊர் அடக்கம் என்கிறது. என்னையும் சேர்த்து, "ரங்கா, நீங்க ரெண்டு பேருமே அப்படித்தான்" என்கிறார்கள். சிரித்து வைக்கிறேன். அந்த ஆபீசில் அவள் தலை குனிந்தபோது, அவள் வீட்டுக் கஞ்சியைக் குடித்த இன்னொருத்தனான நானும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.